பெட்டிக்கு அடியில் இருக்கும் நம்பர்

போன மாதம் அக்கா வீடு மாற்றிய அன்று, அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பழைய பிஸ்கட் டின் என் கையில் சிக்கியது. அக்கா என்றால் என் கூடப் பிறந்தவள் அல்ல. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. ஓரகத்தி என்று சொன்னாலே ஊரில் சண்டைக்காரிகளைத்தான் நினைப்பார்கள். எங்கள் குடும்பத்தில் சண்டை போட்டதெல்லாம் புருஷன்மார். நாங்கள் இருவரும் எங்கள் வீடுகளுக்கு நடுவே இருந்த சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று துணி காயப்போட்டுக்கொண்டே சிரித்தவர்கள். டின்னுக்குள் கம்ப்யூட்டரில் சொருகுகிற, கட்டைவிரல் அளவில் ஒரு வைஃபை குச்சி, அது வந்த அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் நூல் கோத்த ஒரு பழுப்பு நிற அட்டை டேக். அந்தக் குச்சியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நாலு வருஷம் இருக்கும். ஒரு நாள்கூட அது வேலை செய்ததில்லை. முக்கியமான ஒரு திங்கட்கிழமைக் காலையில் அது என் கழுத்தை அறுத்தது. டேக்கில் அக்காவின் கையெழுத்தில் நான்கு வரி இருந்தது. படித்துவிட்டு மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா, டின்னைத் தூக்கி அவள் தலையில் போடுவதா என்று தெரியவில்லை.

அக்கா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதினெட்டு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவள். மில்லில் எந்த மிஷின் நின்றாலும் உதிரிப் பாகத்துக்கு அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும். வந்து நின்றால் மட்டும் போதாது, தேய்ந்துபோன பழைய பாகத்தைக் கையில் கொண்டுவந்திருக்க வேண்டும். "அக்கா, அந்தப் பெரிய பேரிங் ஒண்ணு குடுங்க" என்று ஃபிட்டர் அவசரத்தில் பறந்து வந்தால், "பெருசுன்னா எம்புட்டுப் பெருசு? உன் வாய் அம்புட்டா? போயி பழசக் கொண்டா" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். பேரிங்கில் நம்பர் இருக்கும். நம்பர் ஒன்றாகவே இருந்தாலும் கடைசியில் வரும் எழுத்து மாறினால் ஒன்றுக்கு ரப்பர் மூடி, இன்னொன்றுக்குத் தகர மூடி. மாற்றிப் போட்டால் பஞ்சுத் தூசி உள்ளே போய் ஒரே வாரத்தில் மிஷின் கத்தும். "பேரக் கேட்டு வாங்காத, நம்பரப் பாத்து வாங்கு" என்பது அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம். பார்த்து முடித்த சாமானுக்கு ஒரு டேக் கட்டுவாள். என்ன பொருள், வந்த நாள், பார்த்த நாள், ஆகும் அல்லது ஆகாது. கிழமையும் எழுதுவாள், தேதியில் கை தவறலாம், கிழமையில் தவறாது என்பது அவள் கட்சி.

ஊரடங்குக்குப் பிறகு அந்த மில்லை மூடினார்கள். அலுவலகத்தில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்களில் ஒன்றை அக்காவிடம் கொடுத்து அனுப்பினார்கள். நாற்பத்தாறு வயதில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மாதத்தில் வீட்டிலிருந்த எல்லாவற்றுக்கும் டேக் கட்டி முடித்துவிட்டாள். மிக்ஸி ஜாருக்கு ஒன்று, கேஸ் ரெகுலேட்டருக்கு ஒன்று, நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடிக்கு ஒன்று. "நாளைக்கி எங்கழுத்துலயும் ஒண்ணு கட்டிருவா, ஆகாதுன்னு எழுதி" என்று அத்தான் சிரிப்பார். அத்தான் என்று நான் சொல்வது அக்காவின் வீட்டுக்காரரை. எரிந்துபோன மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். நாங்களும் சிரிப்போம். ஆனால் கொடியில் துணி போடும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன் அல்லவா, எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வராது. அவள் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அதட்டிப் பேசுகிற பெண்பிள்ளை மெல்லப் பேச ஆரம்பித்தால் பயமாக இருக்காதா?

நான் வீட்டிலிருந்தே அழைப்பிதழ், சுவரொட்டி வடிவமைக்கிறவள். கல்யாணம், பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் திரை வழியாகத்தான் போகும். டிப்ளமோ படித்த காலத்திலிருந்து என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான். ஆகவே அந்த மில் கம்ப்யூட்டரை உயிர்ப்பிக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் பழைய விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு உலை சோறு பொங்கிவிடலாம். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினேன். எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டது. அக்கா மூக்கில் விரலை வைத்தாள். அடுத்த கேள்வியே, "ஏட்டி, இதுக்கு எல்லா சாமானும் ஒத்துக்கிடுமா?" என்பதுதான். ஒத்துக்கொள்ளாது, பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஒவ்வொரு பொருளோடும் கம்ப்யூட்டர் பேசுவதற்கு டிரைவர் என்று ஒரு நிரல் வேண்டும், சில கம்பெனிகள் லினக்ஸுக்கு அதைத் தருவதில்லை, தந்தாலும் உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்தது என்று விளக்கினேன். அவள் கண் மெல்ல விரிந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக அந்தப் பழைய சத்தத்தில் சொன்னாள்: "அட, இது நம்ம ஸ்டோர்ஸுல்லா!"

அதற்குப் பிறகு எனக்குக் கடைக்குப் போகத் துணை கிடைத்தது. என் பிரிண்டர் காலை நீட்டியபோது புதிது வாங்க அவளையும் கூட்டிப் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் தெலுங்கு பேசும் ஒரு அண்ணாச்சி கடை. இணையத்தில் லினக்ஸ்காரர்கள் எது எது ஒத்துப்போகும் என்று போட்டிருந்த பட்டியலை அக்கா ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அண்ணாச்சி எடுத்து வைக்கிற பெட்டிகளை எல்லாம் கவிழ்த்துப் போட்டு, அடியில் எறும்பு போல அச்சடித்திருக்கும் எழுத்தைப் படித்தாள். "எல்லாம் ஒண்ணுதாம்மா, பேரு ஒண்ணு, கம்பெனி ஒண்ணு" என்றார் அவர். "எல்லாம் ஒண்ணுன்னா எதுக்கு அண்ணாச்சி தனித்தனியா நம்பர் போட்டுருக்கான்? வேல வெட்டி இல்லாமலா?" என்றாள் அக்கா. அவர் திரும்பிக்கொண்டு தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். மில்லில் பாதிப் பேரோடு தெலுங்கில் பேசிப் பழகியவள் அவள் என்பது பாவம் அவருக்குத் தெரியாது. அதே பாஷையில் பதில் வந்ததும் மனிதர் அசடு வழிந்து எங்கள் இருவருக்கும் டீ சொன்னார். அந்தப் பிரிண்டர் முதல் தடவை சொருகியதுமே ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது.

இனி சண்டைக்கு வருகிறேன். மாமனார் வீட்டை இரண்டாகப் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். கொத்தனாரைக் கூட்டிவந்தவர் அத்தான். சுவர் எழும்பிய பிறகு என் வீட்டுக்காரர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, சுவர் எங்கள் பக்கம் அரைச் செங்கல் தள்ளி வந்திருக்கிறது என்றார். அரைச் செங்கல்! அதில் ஒரு துளசிச் செடிகூட வைக்க முடியாது. அண்ணன் மேல் சந்தேகமா என்று அவருக்குக் கோபம். கேட்டால் தப்பா என்று இவருக்குக் கோபம். பதினான்கு மாதம் பேச்சில்லை. ஆடிப்பூரத்துக்கு ஶ்ரீவில்லிபுத்தூரில் ஒரே வடத்தைச் சேர்ந்து பிடித்துத் தேர் இழுக்கிறவர்கள், அந்த வருஷம் ஆளுக்கொரு வடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் கிழக்கே பார்த்தார், ஒருவர் மேற்கே பார்த்தார். தேர் நகர்ந்தது, இவர்கள் நகரவில்லை. "அவென் வீட்டு வாசப்படிய இந்த வீட்டு ஆளுக யாரும் மிதிக்கப்பிடாது. அவென் வீட்டுத் தண்ணியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்" என்று அத்தான் சொல்லிவிட்டார். அக்கா மிதிக்கவில்லை. சுவருக்கு மேலே பேசுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததால் அதை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை.

அப்படி இருக்கையில் அக்காவுக்கு ஒரு வேலை வந்தது. ஶ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் இருப்பு முழுவதையும் ஒழுங்குபடுத்திக் கம்ப்யூட்டரில் ஏற்ற அனுபவம் உள்ள ஆள் வேண்டும், முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தே செய்யலாம், பிடித்துப்போனால் நிரந்தரம். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். சொந்தக் கம்ப்யூட்டரும் விட்டுப்போகாத இணைப்பும் இருக்க வேண்டும். அதையும் அன்றைக்கே பார்ப்பார்களாம். "ஏட்டி, இது போச்சுன்னா பொறவு எனக்கு எவன் குடுப்பான்?" என்று கேட்டாள். இன்டர்நெட் கம்பெனியில் கேட்டால், தெருக் கம்பத்தில் இணைப்புத் துளை காலி இல்லை, புது இணைப்புக்கு ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அவர்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடு வரும், அதுவும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றால். ஆக இணைப்பு இருந்தது என் வீட்டில். கம்ப்யூட்டர் இருந்தது அவள் வீட்டில். நடுவில் அந்த அரைச் செங்கல்.

யோசனை என்னுடையது. வயர் போட்டால்தானே கண்ணில் படும்? என் ரூட்டரிலிருந்து வைஃபை சுவரைத் தாண்டிப் போகும். மில் கம்ப்யூட்டரில் வைஃபை கிடையாது என்பதால் ஒரு குச்சியைச் சொருகிவிட்டால் ஆயிற்று. காற்றில் வருவதை அத்தான் எப்படித் தடுப்பார்? லினக்ஸ்காரர்கள் ஒரு மாடலைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கையும் போட்டிருந்தார்கள்: முதல் பதிப்புதான் நல்லது, இரண்டாம் பதிப்பில் கம்பெனிக்காரன் பெயரை மாற்றாமல் உள்ளே சிப்பை மட்டும் மாற்றிவிட்டான், வாங்காதே. அக்கா ஒரு சீட்டில் மாடல் பெயரை எழுதி, 'பதிப்பு 1 மட்டும்' என்று இரண்டு கோடு போட்டு என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "உங்க ஹால்ல டிவிக்கிட்ட இருந்து சன்னல் வரைக்கும் எத்தன டைல்ஸ்?" என்று கேட்டாள். தரை மாற்றப் போகிறாளோ என்று நினைத்துக்கொண்டு எண்ணிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட ஶ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். வேலை முடிந்து, பால்கோவா வாங்கி, வழியிலேயே கால்வாசியைத் தின்றுகொண்டு பஸ்ஸுக்கு வரும்போது ஒரு கடையில் அந்தக் குச்சி தொங்கியது. அதே பெயர், அதே படம், அதே பச்சைப் பெட்டி. பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சீட்டு பையில்தான் இருந்தது. எடுக்க முடியாமல் கையெல்லாம் பால்கோவா பிசுபிசுப்பு. எனக்குத் தெரியாத லினக்ஸா என்ற மப்பு வேறு. பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனை எல்லாம் இல்லை, பூனைதான். சறுக்கல் மட்டும் ஆனைச் சறுக்கல்.

சாயங்காலம் சுவருக்கு மேலே நீட்டினேன். அக்கா வழக்கம்போலப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். செத்த நேரம் பார்த்தாள். வெளிச்சம் மங்கியிருந்ததால் எழுத்துத் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். "சரிட்டி. திங்கக்கெழம உங்க அத்தான் கடைக்குப் போன பொறவு வா, பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு அத்தானின் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் கொல்லைப்புறமாக அக்கா வீட்டுக்குள் போனேன். அவள் நல்ல புடவை கட்டி, பூ வைத்து, கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். குச்சியை என்னிடம் தந்தாள். சொருகினேன். விளக்கு எரியவில்லை. கழற்றி வேறு துளையில் சொருகினேன். இல்லை. உள்ளே என்ன சிப் என்று கம்ப்யூட்டரையே கேட்டுப் பார்த்தேன். அது ஒரு எண்ணைச் சொன்னது. இரண்டாம் பதிப்பு. வீட்டுக்கு ஓடி, டிரைவரின் மூலநிரலை இணையத்திலிருந்து எடுத்துப் பென்டிரைவில் போட்டு, மறுபடி ஓடிவந்து தொகுத்துப் பார்த்தேன். திரை முழுக்கப் பிழை ஓடியது. ஒன்றைச் சரிசெய்தால் ஒன்பது வந்தது. மணி ஒன்பதே முக்கால். "அக்கா, நான் உங்க பொழப்பக் கெடுத்துட்டேன்க்கா" என்று அழுதேவிட்டேன். சும்மா சொல்லவில்லை, தேம்பித் தேம்பி அழுதேன்.

அக்கா அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நீல இன்டர்நெட் வயர்ச் சுருளை இழுத்துப் போட்டாள். இரண்டு முனையிலும் பிளக் பொருத்தி, கடையில் சோதித்து, தயாராக இருந்தது. "ஒண்ணு ஓடும்போது ஸ்பேரு ஒண்ணு ராக்குல இருக்கணும்ட்டி. ஸ்டோர்ஸ் வழக்கம். மூக்கச் சிந்திட்டு எந்திரி, உன் வீட்டுக்காரனக் கூப்பிடு" என்றாள். எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தார். மதினி வேலைக்கு என்றதும் மறுபேச்சில்லாமல் ஏணியை எடுத்தார். டிவி பக்கத்திலிருக்கும் ரூட்டரில் ஒரு முனை, அங்கிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து சுவர் உச்சி. அங்கே மாட்டிக்கொண்டது. சுவரிலிருந்து அக்கா வீட்டு வென்டிலேட்டருக்குள் நுழைக்க வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் ஏற வேண்டும். இவர் அண்ணன் வீட்டு மண்ணில் கால் வைக்கமாட்டார். சுவர் மேல் குதிரை ஏறினாற்போல் உட்கார்ந்துகொண்டு, வயரை வளைத்து வளைத்து வீசிக்கொண்டிருந்தார். அது முருங்கைக் கிளையில் சிக்கியது.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அத்தான்! மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டுப் போய்விட்டாராம். கண்ணாடி இல்லாமல் அவரால் காயில் கட்ட முடியாது. முடி போன்ற தாமிரக் கம்பி அல்லவா. உள்ளே நுழைந்தவர், பதினான்கு மாதமாகப் பேசாத தம்பி தன் சுவர் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தம்பி கையிலிருந்த நீல வயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன். அக்கா கல்லுளிமங்கி மாதிரி சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். பத்தரை.

என் வீட்டுக்காரர் பதற்றத்தில் வயரைச் சுண்டி இழுத்தார். கிளையில் அது முழங்கையாக மடங்கியது. அத்தான் இத்தனை வருஷமாகக் கம்பியோடு குடித்தனம் நடத்துகிறவர். பிள்ளையை அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வார், கம்பியை மடக்கினால் பொறுக்கமாட்டார். வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது.

"ஏலே! மடக்காதலே! உள்ள கம்பி ஒடிஞ்சு போகும்!"

தம்பி இழுப்பதை விட்டுவிட்டு, ரொம்பச் சின்னக் குரலில், "பொறவு எப்படிண்ணே?" என்றார்.

"வெலகு. நான் ஏறுதேன். நீ அங்கன இருந்து விடு."

அத்தான் முக்காலியைப் போட்டு ஏறினார். அதற்குப் பின் ஐந்து நிமிஷம் நாங்கள் கேட்டதெல்லாம், "விடு... இன்னும் விடு... நிப்பாட்டு... இப்ப இழு... இழுலே, சாப்பிடலயா?" என்பதுதான். தேர் வடம் பிடித்த காலத்துக் குரல். எனக்கு மறுபடி அழுகை வந்தது. ஆனால் இது வேறு அழுகை. வயர் சரியாகக் கம்ப்யூட்டர் மேஜை வரை வந்து, ஒரு சாண் மிச்சம் இருந்தது. அக்கா டைல்ஸ் எண்ணச் சொன்னது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. மணி பத்து ஐம்பத்திரண்டு.

நேர்காணலில் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே ஒரு பேரிங்கின் நம்பரைச் சொல்லி இது எதற்குப் பயன்படும் என்பதுதான். அக்கா, "கடேசி எழுத்து என்னன்னு சொல்லுங்க சார், பொறவு சொல்லுதேன்" என்றாள். அந்தப் பக்கம் ஒருவர் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெளியே அண்ணனும் தம்பியும் தெருநாய் குரைத்துவிடாமல் அதற்கு என் பால்கோவா மிச்சத்தைப் போட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் அத்தான் தம்பியைப் பார்க்காமல், காற்றைப் பார்த்து, "காப்பி போட்டுருக்கா. குடிச்சிட்டுப் போகச் சொல்லு" என்றார். தம்பி வாசல் வழியாகச் சுற்றி வந்து, அண்ணன் வீட்டுப் படியை மிதித்து, உள்ளே வந்து குடித்தார்.

அதற்கப்புறம் அவர்கள் சண்டையே போடவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகப் போட்டார்கள், வாயைத் திறந்து போட்டார்கள். அதுவே எங்களுக்குப் பெரிய நிம்மதி. சில மாதத்தில் அவர்கள் வீட்டுக்கே தனி இணைப்பு வந்தது. ஆனாலும் நீல வயரைக் கழற்றவில்லை. என் பிரிண்டர் அக்காவின் கம்ப்யூட்டரில் தெரியும்; என் அழைப்பிதழ்களின் நகல் அவளுடைய மில் கம்ப்யூட்டரில் தினமும் தானாகப் போய்ச் சேரும். ஒரு கோடையில் என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனபோது பதினொரு கல்யாணம் அந்த வயர் வழியாகத்தான் பிழைத்தது. அரைச் செங்கல் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. எடுத்தாலும் சுவரை எப்படி இடிப்பது? வயர் அதன் மேல்தானே போகிறது.

அந்த மில்லில் இப்போது அக்காதான் ஸ்டோர்ஸுக்குப் பொறுப்பு. தினமும் நேரில் போக வேண்டும் என்பதால் ஶ்ரீவில்லிபுத்தூருக்கே வீடு மாற்றினார்கள். அத்தான் கடை ராஜபாளையத்திலேயே இருக்கிறது. காலையில் பஸ்ஸில் வருவார், மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். சாமான் ஏற்றிய அன்று அண்ணனும் தம்பியும் வெளியே நீல வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நான் டின்னைத் திறந்து டேக்கைப் படித்தேன்.

பொருள்: வைஃபை குச்சி, பதிப்பு 2. வந்த நாள்: வெள்ளி. பார்த்த நாள்: வெள்ளி. லினக்ஸுக்கு ஆகாது.

வெள்ளி! நான் தேம்பித் தேம்பி அழுதது திங்கள். நடுவில் இரண்டு முழு நாள் இந்த மகராசி வாயைத் திறக்கவில்லை. "அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பாத்திர மூட்டையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். என் கையிலிருந்ததைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"தெரிஞ்சுகிட்டே என்னைய அழவிட்டீங்களாக்கா? சனிக்கெழம சொல்லிருந்தா ஓடிப்போயி மாத்திட்டு வந்திருப்பேன்ல?"

"மாத்திட்டு வந்திருப்ப. காத்துல கனெக்சன் வந்திருக்கும். இவியளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அவிய பாட்டுக்கு மொறச்சிட்டுத் திரிஞ்சிருப்பாவ" என்றாள். "வயருன்னா ரெண்டு பக்கமும் ஆளு வேணும்ட்டி."

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "அந்த வேல போயிருந்தா? எம்புட்டு ஆசப்பட்டீங்க. அது போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். வெளியே அத்தான் குரல் கேட்டது. "மெதுவா சுத்துலே, மடங்குது பாரு." அதற்குத் தம்பி ஏதோ எதிர்த்துப் பேசினார். அக்கா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "வேல போனா வேற மில்லு, ஏட்டி. கூடப் பொறந்தவனுக்கு ராக்குல ஸ்பேர் கெடயாது."

டேக்கை மறுபடி பெட்டிக்குள் வைக்கப் போனபோது எனக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. அத்தான் அத்தனை வருஷத்தில் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனதே இல்லை. காலையில் கடைக்குக் கிளம்பும்போது அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டுதான் செருப்பே போடுவார்.

"அக்கா... அப்போ அன்னைக்கி அத்தானோட கண்ணாடி?"

"அத எடுத்து வச்சதுக்கு நான் டேக் போடலியே" என்று சொல்லிவிட்டு அக்கா பாத்திரம் கட்டப் போய்விட்டாள்.

குச்சியை நான் எடுத்துவந்துவிட்டேன். என் ரூட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில், டேக்கோடு சேர்த்துத் தொங்கவிட்டிருக்கிறேன். மத்தியானம் சாப்பிட வரும்போது அத்தான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதை உற்று உற்றுப் பார்க்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று நேற்றுக்கூடக் கேட்டார். சாப்பாட்டுக்கு எதற்கென்று கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஆகவே, பழைய சாமான் அத்தான், லினக்ஸுக்கு ஆகாதுன்னு எழுதியிருக்கு என்று சொல்லி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.